ஒற்றுமைக்கு எத்தனை பாயிண்ட்?

தமிழ் தலைவாஸ் அணி இந்த வருடம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், பாம்பன் பாலத்தைத் தாண்டியதும் வருகிற அக்காள்மடத்தில், நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றின் இரண்டு பெஞ்சுகளில் இருக்கிறது. அணியின் முதலாளிகளுக்கு இந்த விஷயம் இன்னும் போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் வீரர்கள் ஏலத்தை மும்பையில் வைத்திருக்க மாட்டார்கள்.

ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எங்கள் ஊரில் நிற்பதில்லை. பாலத்தில் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் கோயில் வாசலில் போய்த்தான் பிரேக் போடுவார்கள். இதனால் ஊருக்கு வருமானம் குறைவு. கபடியை ஆராய அமைதி அதிகம்.

ஓர் அணியின் ஒற்றுமையை எடை போட உங்களுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஊர்க்கதை ஒன்று இருக்கிறது. முன்னொரு காலத்தில் அக்காளும் தங்கச்சியும், சேது யாத்திரைக்கு நடந்து வருகிற பக்தர்கள் தங்கிப் போவதற்காக மடம் கட்டினார்கள். அக்காள் கட்டியது இங்கே. தங்கச்சி கட்டியது அடுத்த ஊரில், அது தங்கச்சிமடம். கேட்கிறவர்கள் எல்லாம் "ஆகா, என்ன பாசம்!" என்பார்கள். எங்கள் பெஞ்சு இந்தக் கதையைப் பலமுறை விசாரித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒத்துப் போயிருந்தால் ஒரே மடமாகப் பெரிதாகக் கட்டியிருப்பார்கள்.

இந்த அளவுக்கு நுணுகிப் பார்க்கிற பெஞ்சில் நிரந்தர உறுப்பினர்கள் ஐந்து பேர். கரைவலை இழுத்து இழுத்து ஒரு தோள் இறங்கிப்போன மாமா. எனக்கு மட்டுமல்ல, ஊருக்கே மாமா. பணி ஓய்வு பெற்ற பி.டி. சார்; பள்ளிக்கூடம் விசிலைத் திரும்ப வாங்கிக்கொண்டதே தவிர, குரலை வாங்க மறந்துவிட்டது. ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகும் மாப்பிள்ளை. கல்லூரிக் கபடி அணியில் இருக்கிறான், பன்னிரண்டாவது ஆளாக. டீக்கடை அண்ணன், டிவியும் ரிமோட்டும் அவருடையவை என்பதால் அவர் கருத்தை யாரும் சட்டென்று மறுப்பதில்லை. ஐந்தாவது நான். எனக்குக் கபடி ஆடத் தெரியாது. ஆராய்ச்சிக்கு அது இடைஞ்சலாக இருந்ததே இல்லை.

புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. கபடியை மாநில விளையாட்டாக வைத்திருக்கிற தமிழ்நாட்டுக்கு ஓர் அணி கிடைக்க 2017 வரை ஆனது. அதுவரை பொறுக்க முடியாமல், நம் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பட்னா அணிக்குக் கேப்டனாகிக் கோப்பையை வென்று பட்னாக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார். மாமாவின் கணக்கில் அது கொடுக்கல் வாங்கல். "நம்ம பய குடுத்தது. அவங்க இன்னும் திருப்பித் தரல" என்பார்.

தமிழ் தலைவாஸ் வந்தபோது வந்த விதமே தனி. பங்குதாரர்களில் ஒருவர் சச்சின் டெண்டுல்கர். விளம்பரத் தூதர் கமல்ஹாசன். கேப்டன் அஜய் தாக்கூர். 2017 ஜூலை 28ஆம் தேதி ஐதராபாத்தில் முதல் ஆட்டம். தெலுங்கு டைட்டன்ஸிடம் 27-32 என்று தோற்றோம். புது அணி, பழகட்டும் என்றோம். பழகி, தங்கள் பிரிவில் கடைசி இடம் பிடித்தார்கள். அடுத்த சீசனுக்குத் தூதராக விஜய் சேதுபதி வந்தார். தூதர் மாறினார், இடம் மாறவில்லை.

2019இல் எங்கள் பெஞ்சு எழுந்து நின்றது. ராகுல் சௌத்ரி வந்துவிட்டார். அஜய் தாக்கூர் இருக்கிறார். அந்த வருடம்தான் பத்மஸ்ரீ வாங்கியிருந்தார். பிடிப்பதற்கு மஞ்சித் சில்லர், மோகித் சில்லர், ரன் சிங். பேப்பரில் எழுதிப் பார்த்தால் எதிரணி வராமலே போய்விடும். டீக்கடை அண்ணன் இறுதிப்போட்டியன்று வடைக்கு விலை இல்லை என்று அறிவித்தார். லீக்கில் மொத்தம் 12 அணிகள். நாங்கள் 12ஆம் இடம். வடை விலைக்கே விற்றது.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தை பெஞ்சில் முதல்முறை முழுக் கனத்தோடு விழுந்தது.

"ஒத்துமை இல்ல" என்றார் பி.டி. சார். "ஏழு பேரும் கேப்டனா இருந்தா டாஸ் போட யாரு போறது?"

அதிலிருந்து எங்கள் ஆராய்ச்சியின் மூலப்பொருள் ஒற்றுமைதான். ரைடு பாயிண்ட், டேக்கிள் பாயிண்ட் எல்லாம் மாப்பிள்ளையின் செல்போனில் ஓடும். ஒற்றுமைக்கு அதில் கட்டம் இல்லை. அதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே எவர் என்ன சொன்னாலும் யாராலும் மறுக்க முடியாது. இதைவிட நல்ல பேச்சுப்பொருள் ஒரு டீக்கடைக்குக் கிடைக்குமா?

மாமாவுக்கு ஒற்றுமை என்றால் கரைவலை. "ரெண்டு பக்கமும் கயிறு. ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே அளவா இழுக்கணும். ஒரு பக்கம் முந்துச்சுன்னா வலை கோணிரும், மீனு போயிரும். இந்தப் பயலுகளைப் பாரு, ஒருத்தன் முந்துறான், ஒருத்தன் நிக்கிறான்" என்பார். கேட்கிற எங்களுக்கு அப்படியே கண்ணில் தெரியும்.

பி.டி. சாரின் விளக்கம் இன்னும் கறாரானது. சர்க்கரை டப்பாவை ரைடராகவும் ஏழு டீ கிளாஸைப் பிடிகாரர்களாகவும் நிறுத்திவிடுவார். "ஓரத்துல நிக்கிறவன் கார்னர். கணுக்காலைப் பிடிக்கிறது அவன் வேலை. பிடிச்சா மட்டும் போதாது. உள்ள நிக்கிற கவர் அதே நொடியில வந்து விழணும். அரை நொடி பிந்தினா ரைடர் கோட்டைத் தொட்டுருவான். பிடிச்சவனும் அவுட்டு, பிந்தி வந்து தொட்டவனும் அவுட்டு. ரெண்டு பாயிண்டு போச்சு. கையைக் கோத்து நிக்கிறாங்களே செயின், அது அழகுக்கு இல்ல. பக்கத்துல உள்ளவன் என்ன நினைக்கிறான்னு விரல் வழியா தெரியணும்." இந்தப் பாடம் முடிகிறவரை வாடிக்கையாளர்களுக்கு டீ கிடையாது, கிளாஸ் எல்லாம் களத்தில் நிற்கும்.

அவர் சொன்னவற்றில் என்னை உண்மையாகவே யோசிக்க வைத்தது வேறொன்று. கபடியில் அவுட்டான ஆள் வெளியே உட்கார்ந்திருப்பான். அவன் அணி எதிராளி ஒருவனைத் தொட்டு வெளியேற்றினாலோ, பிடித்துப் போட்டாலோ, முதலில் போனவன் முதலில் உள்ளே வருவான். அடுத்தவன் எடுக்கிற பாயிண்டில்தான் இவன் பிழைப்பு. ஆனால் ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து வாங்குகிற பாயிண்டுக்கு யாரும் உயிர்பெற்று வருவதில்லை. அணிக் கணக்கில் ஒன்று கூடும், அவ்வளவுதான். போனஸ் எடுத்தவன் தொடையைத் தட்டிக்கொண்டு திரும்பி வருவான். வெளியே உட்கார்ந்திருக்கிறவன் அப்படியே உட்கார்ந்திருப்பான். அப்போது அவன் முகத்தைக் கேமரா காட்டுவதே இல்லை. காட்டினால் ஓர் அணியின் ஒற்றுமையை நாம் நேரடியாகவே அளந்துவிடலாம்.

2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசன் எங்கள் ஆராய்ச்சிக்கு வந்த சோதனை. 22 ஆட்டங்களில் 6 சமம். வென்றால் ஒற்றுமை, தோற்றால் ஒற்றுமை இல்லை என்று ஓடிக்கொண்டிருந்த பெஞ்சு, சமத்துக்கு என்ன சொல்வதென்று திணறியது. "பாதி பேரு ஒத்துமையா இருக்காங்க" என்றார் டீக்கடை அண்ணன். ரிமோட் அவர் கையில் இருந்ததால் ஏற்றுக்கொண்டோம். சீசன் முடிவில் 11ஆம் இடம்.

பிறகு 2022 வந்தது. ஏலத்தில் பவன் செஹ்ராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். லீக்கில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. டீக்கடை அண்ணன் உடனே கணக்குப் போட்டார்: டீ பத்து ரூபாய் என்றால் 22 லட்சத்து 60 ஆயிரம் டீ. "அவ்வளவு டீ ஆத்துனா எனக்கே கபடி வந்துரும்" என்றார்.

அக்டோபர் 8, பெங்களூரு, குஜராத்துடன் முதல் ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க வெளியே. ஆட்டம் 31-31. எங்கள் பெஞ்சு அன்றிரவே சீசனுக்கு இரங்கல் கூட்டம் நடத்தியது. மாமா தலைமை. தீர்மானம்: கடைசி இடம், வழக்கம்போல.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. பயிற்சியாளர் நடுவில் மாறினார். அஷன் குமார் வந்தார். நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் ரைடுக்குப் போய் 240க்கு மேல் பாயிண்ட் குவித்தான். ஒரு கார்னரில் சாகர், மறு கார்னரில் சாஹில் குலியா என்று கணுக்கால்களைக் கணக்குத் தீர்த்தார்கள். தலைவாஸ் முதல்முறையாகப் பிளே-ஆஃபுக்குள் போனது. இதுவரை அந்த ஒருமுறைதான் போயிருக்கிறது.

பெஞ்சு உடனே திருந்தியது. "நான் அப்பவே சொன்னேன். பெரிய ஆளு இல்லாம இருந்தாத்தான் ஒத்துமை வரும்" என்றார் பி.டி. சார். அப்பவே அவர் சொன்னது வேறு. ஆனால் வெற்றி நேரத்தில் பழைய வாக்குமூலத்தைத் தேடுகிறவன் நல்ல ரசிகன் இல்லை.

டிசம்பர் 13, மும்பை. எலிமினேட்டரில் உ.பி. யோத்தாஸ் அணியுடன் 36-36. டை-பிரேக்கர், அணிக்கு ஐந்து ரைடு. நாங்கள் 6-4 என்று ஜெயித்தோம். கடைக்குள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் குழந்தை எழுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அரையிறுதியில் புனேயிடம் 37-39. இரண்டே பாயிண்ட்.

அந்த 36-36இல் நான் மாட்டிக்கொண்டேன். டை-பிரேக்கர் தொடங்குமுன் பி.டி. சாரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் இரண்டு பேச்சும் தயாராக இருந்தன என்று சத்தியம் செய்வேன். 6-4 ஆனதும் வந்தது, "ஒத்துமைன்னா இதான்". 4-6 ஆகியிருந்தால் வந்திருக்கும், "கடைசி நேரத்துல ஒத்துமை இல்ல". அதே ஏழு பேர், அதே கார்னர், அதே செயின். நடுவில் மாறக்கூடியது ஒரு ரைடரின் விரல் நீளம் மட்டும்.

மறுநாள் மாமாவிடம் கேட்டேன்: "மாமா, வலை கோணாம இழுத்த அன்னைக்கெல்லாம் மீன் விழுந்துச்சா?"

மாமா டீயை ஒரு மிடறு குடித்தார். "விழாது."

"கோணி இழுத்த அன்னைக்கு?"

"சில நாளு மடி கொள்ளாம விழும்." இன்னொரு மிடறு. "மீனு விழுந்த அன்னைக்கு வலை கோணுச்சான்னு எவன்டா பாக்கப் போறான்? விழாத அன்னைக்குத்தான் அந்தப் பக்கத்துக்காரன் இந்தப் பக்கத்துக்காரனைத் திட்டுவான்."

விளையாட்டைப் பற்றி இதைவிடச் சரியாக ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் ஒற்றுமையைப் பார்த்து முடிவைச் சொல்வதில்லை. முடிவைப் பார்த்து ஒற்றுமையைச் சொல்கிறோம். இந்த உண்மையை நான் பெஞ்சில் வைத்தபோது ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. அன்று எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

இந்த வியாதி நமக்கு மட்டும் இல்லை என்று ஆறுதல் சொன்னவன் மாப்பிள்ளை. அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு மார்ச் மாதம் ஒரு திருவிழா. 68 கல்லூரி அணிகள். எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே கட்டம் நிரப்பி வைப்பதற்காக அலுவலகங்களில் வேலையே நின்றுபோகுமாம். தொடக்கச் சுற்றைக் கழித்தால் 63 ஆட்டம். காசு சுண்டிச் சொன்னால் எல்லாம் சரியாக வர எத்தனையில் ஒரு வாய்ப்பு என்றால், 92 போட்டுப் பின்னால் 17 சைபர். 2014இல் ஒரு கடன் நிறுவனமும் வாரன் பஃபெட்டும் சேர்ந்து, முழுவதும் சரியாகச் சொன்னால் 100 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். யாரும் வாங்கவில்லை. 2019இல் ஒருவர் முதல் 49 ஆட்டம் வரை சரியாகச் சொல்லி, அடுத்ததில் விழுந்தார்.

"நூறு கோடி டாலரா?" என்றார் டீக்கடை அண்ணன். "நம்ம கடையில ஒரு வடைக்கே இந்தப் போடு போடுறாங்க." வடை பந்தயத்தை எங்கள் பெஞ்சில் இதுவரை ஜெயித்தவர் கடைக்காரர் மட்டும்தான், எப்போதும் "தோற்கும்" பக்கம் நிற்கிறவர் அவர்.

2025 ஏலம் எங்களுக்கு வசதியான நேரத்தில் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அவற்றில் போகிற ஆட்கள் பெஞ்சில் இருப்பார்கள். மே 31, ஜூன் 1 இரண்டு நாளும் எங்கள் சபை நிரம்பி வழிந்தது. கடற்கரையில் மீன் ஏலம் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள். எந்த விலையில் கேட்பதை நிறுத்த வேண்டும் என்று மும்பைக்கு இங்கிருந்தே குரல் கொடுத்தார்கள். அர்ஜுன் தேஷ்வால் 1 கோடியே 40 லட்சத்துச் சொச்சம். அதே பவன் செஹ்ராவத் திரும்பி வந்தார், இந்த முறை 59.5 லட்சத்துக்கு.

"ரெண்டு கோடிக்கு வந்தப்ப ஆட முடியல. அம்பத்தொம்பதுக்கு வந்திருக்கான், ஆடுவான் பாரு" என்று மாமா மலிவின் மேல் நம்பிக்கை வைத்தார். பி.டி. சார் பென்சில் எடுத்தார். இரண்டு பெரிய ரைடர்கள். ஒருவர் அவுட்டானால் இன்னொருவர் மீட்டுக்கொண்டு வருவார். புதுப் பயிற்சியாளர் சஞ்சீவ் பாலியான். ஆக அரையிறுதி உறுதி. ஆகஸ்ட் 29ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் முதல் ஆட்டமே டைட்டன்ஸை 38-35 என்று ஜெயித்ததும் மாப்பிள்ளை இறுதிப்போட்டிக்கு லீவு லெட்டர் எழுதி வைத்தான்.

செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிப் பவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவரோ தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்றார். எது சரி என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் எங்கள் பெஞ்சு அதிகம் பேசும். பவன் இல்லாவிட்டால் ஒற்றுமை வரும் என்பதற்கு 2022 சாட்சி இருக்கிறதே என்று பி.டி. சார் உற்சாகமாகிவிட்டார். பிளே-ஆஃபுக்கு எட்டு அணிகள் போகலாம் என்று அந்த வருடம் விதியே தாராளமாக இருந்தது. அந்த எட்டிலும் நாங்கள் இல்லை. ஆக, பெரிய ஆள் போனால் ஒற்றுமை வரும் என்கிற விதி ஒருமுறை செல்லும், ஒருமுறை செல்லாது. இதற்கு விதி என்று பெயர் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டான். அவனை டீ வாங்கி வர அனுப்பினோம்.

அதே வருடம் அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு. கண்ணகி நகர் கார்த்திகா துணைக் கேப்டனாக ஆடிய இந்தியப் பெண்கள் அணி இறுதியில் ஈரானை 75-21 என்று நொறுக்கியது. பையன்கள் அணியும் தங்கம். அதில் வடுவூர் அபினேஷ். அந்த அணிகளின் ஒற்றுமையை எங்கள் பெஞ்சு முன்கூட்டி ஆராயவே இல்லை. நல்ல வேளை.

"பேசுறதை நிறுத்திட்டு, பொங்கலுக்கு நீங்களே ஓர் அணி இறங்குங்களேன்" என்று ஒருநாள் மாப்பிள்ளை சவால் விட்டான். மணலில் கோடு போட்டு, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் போட்டியாம். சவாலை ஏற்றோம். அன்று மாலையே அணித் தேர்வுக் கூட்டம். எல்லாருக்கும் ரைடர் ஆகத்தான் விருப்பம். கணுக்காலைப் பிடிக்க ஒருவர்கூட முன்வரவில்லை, குனிந்தால் எழுந்திருப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி இருந்தது. பி.டி. சார் தான் ஆடினால் நடுவருக்கு ஆள் இருக்காது என்று நடுவரானார். மாமாவை வயது கருதிச் சிறப்பு விருந்தினர் ஆக்கினோம். டீக்கடை அண்ணன் பரிசு கொடுப்பவர். கொடுப்பவரே ஆடினால் ஊர் பேசும். நான் மைக் பிடிப்பதாக முடிவாயிற்று. நடுவர், விருந்தினர், புரவலர், வர்ணனையாளர் எல்லாம் தயார். ஆடுவதற்குத்தான் ஆள் இல்லை. போட்டி நடக்காததால் நாங்கள் இன்றுவரை தோற்காத அணி.

இப்போது அடுத்த சீசனுக்கான கணிப்பு வேலை மும்முரமாக நடக்கிறது. யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை விட வேண்டும் என்பதில் எங்கள் ஐந்து பேருக்கு ஆறு கருத்து. மாமாவுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கேப்டன் யார் என்பதில் டீக்கடை அண்ணனும் பி.டி. சாரும் பேசிக்கொள்வதே இல்லை; என் வழியாகத்தான் விவாதம் நடக்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், எல்லாச் சீசனிலும், வென்ற வருடத்திலும் தோற்ற வருடத்திலும், சேரலாதனே பயிற்சியாளர் குழுவுக்கு வந்து சேர்ந்த 2024லும்கூட, எங்கள் பெஞ்சில் ஒரு கருத்து வேற்றுமையும் எழுந்ததில்லை.

கோச்சை மாத்தணும்.